சாத்துக்குடித் தோலும் என் கையெழுத்தும்

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஜூஸ் எடுத்தபின் மிஞ்சுகிற பழத்தோலைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும், இப்போது எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள் என்றும் சொன்னார்கள். எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. படித்துவிட்டு என்மேல் உங்களுக்கு மரியாதை குறைந்தால் குறையட்டும்.

முதலில் தோலைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். தோலில் சத்து இருக்கிறது. அது பொய் இல்லை. நார்ச்சத்து சாற்றில் இருப்பதைவிடத் தோலிலும் சக்கையிலும்தான் அதிகம். வயிற்றுக்கு நல்லது, சர்க்கரை சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஜூஸ் கம்பெனி என்பது பழத்தில் இருக்கிற இனிப்புத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து மனிதனுக்கு விற்றுவிட்டு, உருப்படியானதை மாட்டுக்குப் போடுகிற இடம். அங்கே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவள் சொல்கிறேன்.

ஆனால் பழத்தின்மேல் பட்டது எல்லாம் அதே தோலில்தான் இருக்கிறது. தோப்பில் அடித்த மருந்து, லாரியில் படிந்த புழுதி, பளபளப்புக்குப் பூசிய மெழுகு, கூடையில் அடுக்கியவன் கை அழுக்கு. உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வெளியே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது தோல். அதைக் காயவைத்தால் தண்ணீர்தான் போகும். மற்றதெல்லாம் அங்கேயே இருக்கும். ஒரு கூடைத் தோல் ஒரு டப்பா பவுடராகும்போது, ஒரு கூடைத் தோலில் இருந்த மருந்தும் அந்த டப்பாவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தோல் பவுடரைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

எனக்குச் சந்தேகம் அதிகம். அது இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சீல் வைத்த பாட்டில் வந்தால் சீலைத்தான் முதலில் பார்ப்பேன். ரிப்போர்ட் மிக நன்றாக இருந்தால் இன்னொருமுறை போடச் சொல்வேன். இதற்காகவே எனக்கு ஆலையில் ஒரு பெயர் இருந்தது. அதை வைத்தவன் தேவசகாயம், எங்களுக்குத் தேவா. “நம்ம மேடம் கோயிலுக்குப் போனா, பிரசாதத்த லேபுக்கு அனுப்பிட்டுத்தான் வாயில வெப்பாங்க” என்று கேன்டீனில் சொல்வான். ‘சந்தேக மேடம்’ என்றால் வாட்ச்மேனுக்குக்கூட யார் என்று தெரியும். நான் கோபித்துக்கொண்டதில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் ஆலை பூந்தமல்லியைத் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் இருந்தது. தேவா ஆவடியிலிருந்து வருவான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றவன். லேபுக்குச் சாம்பிள் எடுத்து வருவதுதான் அவன் வேலை. பதினாறு வருஷம் என்னோடு இருந்தான். பழம், சாறு, கழுவுகிற தண்ணீர், தோல் எல்லாம் அவன் கையால்தான் என் மேஜைக்கு வரும். தோலில் அப்போது நாங்கள் பார்த்தது ஒரே ஒரு விஷயம்தான்: பிழிந்தபின் அதில் எவ்வளவு சாறு வீணாகத் தங்கியிருக்கிறது என்று. அதைப் பார்த்துவிட்டால் தோலின் கதை முடிந்தது. பின்பக்கம் யார்டில் குவியும். மாட்டுக்காரர்கள் காலையிலும் மத்தியானத்திலும் வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

பிறகு முதலாளியின் மருமகன் வந்தார். வெளியூரில் படித்துவிட்டு வந்தவர். தோலைக் காயவைத்துப் பவுடராக்கி விற்கலாம் என்றார். சர்க்கரை நோயாளிகளுக்காக பிஸ்கட், சத்து மாவு எல்லாம் செய்கிற ஒரு கம்பெனி வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. அவர்கள் கேட்டது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் தோல் சுத்தமாக இருக்கிறது என்று லேப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது நான்.

மாட்டுக்காரர்கள் வருவதை அப்போதே நிறுத்திவிட்டு, குவிகிற தோலை லாரியில் வெளியே அனுப்பினார்கள். உலர்த்துகிற இயந்திரம் வர நாளாகும் என்றார்கள். அதுவரை தேவா கொண்டுவருகிற தோலை லேபிலேயே சிறிய அடுப்பில் காயவைத்து, மிக்சியில் அரைத்து, வெளி லேபுக்கு அனுப்பினேன். மூன்று மாதத்தில் மூன்று தடவை அனுப்பினேன். மூன்று தடவையும் சுத்தம். மருந்து இருந்த தடயமே கிட்டத்தட்ட இல்லை. மருமகனுக்கு ஒரே சந்தோஷம். யாராவது ஆலையைப் பார்க்க வந்தால், அவர்கள் முன்னால் ஒரு ஸ்பூன் தோல் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்துக் காட்டுவார். குடித்துவிட்டு முகம் கோணாமல் நிற்பதற்கு அவர் ரொம்பப் பழகியிருந்தார்.

எனக்கு உறுத்தியது. கடையில் வாங்கி வீட்டில் கழுவிச் சாப்பிடுகிற பழத்தைவிட எங்கள் யார்டில் கிடக்கிற தோல் சுத்தமாக இருந்தால் என்ன அர்த்தம்? ஆனாலும் மூன்று கையெழுத்தும் போட்டேன். காகிதம் சரியாக இருந்தது. மறுக்க என்னிடம் காரணம் இல்லை.

அப்புறம் வேப்பம்பட்டில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து இயந்திரத்தை நிறுவினார்கள். யார்டிலிருந்து லாரியில் தோல் அங்கே போகும், பவுடராகத் திரும்பி வரும். முதல் டிரம்கள் வந்த அன்று, நான் யாரிடமும் சொல்லாமல் மூன்று டிரம்களின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் அள்ளினேன். கம்பெனிப் பெயர் இல்லாமல், வெறும் எண் போட்டு வெளி லேபுக்கு அனுப்பினேன்.

ரிப்போர்ட் வந்தது. பூச்சிமருந்து அளவுக்குமேல் பல மடங்கு. காலையில் வெறும் வயிற்றில் கலக்கிக் குடி என்று சர்க்கரைக்காரர்களிடம் கொடுக்கப்போகிற பொருள் அது.

டிரம்களை நிறுத்தினேன். அதுவரை நான் செய்தது சரி. அடுத்து செய்ததைச் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் அந்த மருந்தின் பெயர் இருந்தது. தோப்பில் அடிக்கிற மருந்து. அதனால் பழத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். பழம் கொடுத்த கான்ட்ராக்டர் வானகரத்தில் குடோன் வைத்திருந்தார். மோசமான பழத்தை அவர் தள்ளிவிட்டிருக்கிறார். அப்படியானால் என்னிடம் வந்த தோல் மட்டும் எப்படிச் சுத்தமாக இருந்தது? வேறு நல்ல பழத்தின் தோலை யாரோ கொடுத்திருக்கிறார்கள். யார்? தோல் என் மேஜைக்கு வரும் வழியில் ஒரே ஒரு கைதான் இருக்கிறது. தேவாவின் கை.

சந்தேகம் ஒருவன்மேல் விழுந்துவிட்டால் சாட்சியைத் தேடிப் போக வேண்டியதில்லை. தானாக வந்து வரிசையில் நிற்கும். கான்ட்ராக்டரும் தேவாவும் கேட்டுக்கு வெளியே சேர்ந்து டீ குடித்ததைப் பார்த்திருக்கிறேன். தேவாவின் மகள் கல்யாணத்துக்குக் கான்ட்ராக்டர் வந்து போனதும் ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நானும்தான் போயிருந்தேன். அது மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

லேபில் என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்கள் எதிரிலேயே தேவாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கலாம். சாத்தவில்லை. இந்தத் தோலை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்டதும் அவனுக்கு முதலில் புரியவில்லை, சிரித்தான்.

“இன்னா மேடம், புச்சா கேக்குறீங்க? யார்டுல இருந்துதான். வேற எங்க போவேன், வடபழனிக்கா?”

நான் ரிப்போர்ட்டை அவன் முன்னால் போட்டேன். டிரம்மில் இருப்பதும் நீ கொடுத்ததும் ஒரே தோல் இல்லை என்றேன். சிரிப்பு நின்றது.

“நான் குடுத்தது இந்தக் கம்பெனித் தோலுதான் மேடம். சத்தியமா.”

“யாருக்காகப் பண்ணின?” என்று கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. இன்னொருமுறை கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைச் சரி செய்துகொண்டு வெளியே போய்விட்டான். மாட்டிக்கொண்டதால்தான் பேச்சு வரவில்லை என்று அந்த இரண்டு பெண்களிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள். நான் சொன்னால் அவர்கள் தலையாட்டாமல் என்ன செய்வார்கள்?

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். சாம்பிளை மாற்றியதாகச் சந்தேகம், விசாரிக்க வேண்டும் என்று. தேவாவை சஸ்பெண்ட் செய்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. நிரூபணமானால் டிஸ்மிஸ். அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். சாம்பிளை மாற்றினான் என்று வெளியே அனுப்பப்பட்ட ஆளை அம்பத்தூரிலும் சரி, பூந்தமல்லியிலும் சரி, எந்த ஆலையும் கேட்டுக்குள் விடாது. அவனுக்கு நாற்பத்தேழு வயது. வேறு வேலை தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை அவன் உத்தியோகம் மட்டும் போகாது, ஊரில் அவன் பெயரும் போகும். அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என் ஒரு பக்கக் கடிதம்.

மருமகனுக்குக் கோபமே இல்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆள் கிடைத்துவிட்டான், கான்ட்ராக்டரை மாற்றிவிடலாம், புதுப் பழத்தின் தோலுக்குச் சாம்பிள் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

சாம்பிள் எடுக்க ஆள் வேண்டுமே. பாய்லரில் இருந்த கோவிந்தசாமியை அனுப்பினார்கள். வேப்பம்பட்டுக்காரர். சொந்த நிலம் இருந்த குடும்பம், அதை வீட்டுமனையாகப் போட்டுவிட்டு ஆலைக்கு வந்தவர். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ இளையவர். லேபுக்குள் வந்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு பை நிறையத் தோலை அள்ளிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார்.

பிரித்துப் பார்த்தேன். உள்ளே மணல். பெரிய ரோட்டில் மெட்ரோ வேலைக்குத் தோண்டுகிற புழுதி முழுக்க அதன்மேல்தான் படிந்திருந்தது. செத்த ஈ நாலைந்து. ஏதோ நாற்றம் வேறு. எனக்கு எரிச்சல் வந்தது.

“இப்படியா கொண்டுவர்றது? கழுவித் தொடைச்சுக் கொண்டுவாங்க” என்று கத்தினேன்.

“சரி மேடம்” என்று பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். நான் இப்போது சொன்னது என்ன என்று எனக்குள் ஓடியது. இதே வார்த்தையை இதே மேஜைக்கு முன்னால் இதற்குமுன்பும் சொல்லியிருக்கிறேன். தேவா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தங்கின சாற்றைப் பார்க்கிற சோதனைக்கு எடை முக்கியம். அவன் மணலோடு தோலைக் கொண்டுவந்தான். மணலையும் சேர்த்தா எடை போடுவேன், கழுவித் துடைத்துக் கொண்டுவா, இனி ஒருமுறை இப்படிக் கொண்டுவந்தால் உள்ளேயே வராதே என்று கத்தினேன். அந்தச் சோதனைக்கு அது சரி. அவன் பதினாறு வருஷம் கழுவித் துடைத்துத்தான் கொண்டுவந்தான். பவுடர் வேலை தொடங்கியபோது இனி கழுவாதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

பின்பக்கம் ஓடினேன். கோவிந்தசாமி குழாயடியில் குந்தியிருந்தார். நிறுத்தச் சொன்னேன். பாதித் தோல் இன்னும் பைக்குள் இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். இது என்ன நாற்றம் என்று கேட்டேன்.

“ஈ மருந்து மேடம். காலைல ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க குமிச்ச தோலு மேல அடிச்சுட்டுப் போவாங்க. இல்லாங்காட்டி அந்தப் பக்கம் நிக்க முடியாது, அவ்ளோ ஈ.”

“எப்பலேர்ந்து அடிக்கிறாங்க?”

“மாட்டுக்காரங்க வர்றத நிறுத்துனீங்களே, அப்பலேர்ந்து. முன்னல்லாம் தோலு அங்க தங்காது. இப்ப லாரி வர்ற வரிக்கும் கிடக்குதே.”

தோப்பில் அடிக்கிற மருந்தையே ஈக்கும் அடிப்பார்கள். அது எனக்குத் தெரியாதா? இருபது வயதில் படித்தது. மருந்தின் பெயரைப் படித்ததும் என் புத்தி நேராகத் தோப்புக்குப் போய்விட்டது, ஏனென்றால் தோப்பில் ஒரு திருடன் இருந்தால் எனக்கு வசதி. சொந்த யார்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோவிந்தசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். சமாதானமாகச் சொன்னார்: “தேவா அளவுக்கு எனுக்குக் கழுவ வராது மேடம். அவன் டெய்லி இங்க குந்திகினு, பிரஷ்ஷ வெச்சு ஒவ்வொரு தோலாத் தேப்பான். இன்னா மாமே, சாத்துக்குடிக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுறியான்னு நாங்கல்லாம் ஓட்டுவோம். நீங்க பாத்ததில்லயா?”

பார்த்ததில்லை. என் நாற்காலியிலிருந்து அந்தக் குழாய் பத்து அடி. நடுவில் ஒரு சுவர்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, சாப்பிடுகிற பொருள்மேல் எப்படி மருந்து அடிக்கலாம் என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “குப்பைமேலதானே மேடம் அடிக்கிறோம்?” என்றார். யார்டுச் சுவரில் இருந்த போர்டைக் கைகாட்டினார். ‘கழிவு’ என்று பெரிதாக எழுதியிருந்தது. மாடியில் மருமகனின் கோப்பில் அதன் பெயர் தயாரிப்பு. கீழே அதன் பெயர் இன்னும் கழிவு. மாடியில் பெயர் மாறியதை யாரும் படியிறங்கி வந்து சொல்லவில்லை. ஜூஸ் ஆலையில்தான் இப்படி ஒரு தப்பு நடக்க முடியும். பழம் உள்ளே வருகிற வழியில் ஈ உட்கார்ந்தால் எல்லோரும் பதறுவோம். வெளியே போகிற வழியில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை.

நேராக மருமகனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார். மருந்து அடிப்பதை இன்றே நிறுத்திவிடலாம், நல்ல வேளை கண்டுபிடித்தீர்கள் என்றார். சரி, தேவா விஷயம் என்ன என்று கேட்டேன்.

“அதை ஏன் மேடம் கிளறணும்? வாங்குறவங்ககிட்ட ஓர் ஆள் தப்பு பண்ணினான், எடுத்துட்டோம்னு சொல்லியாச்சு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப போய், இல்லைங்க, லேப்தான் மூணு மாசமா கழுவின தோலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுச்சுன்னா எப்படி இருக்கும்? ஆர்டர் போயிடும். உங்க பேரும் போயிடும். ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு உங்களுக்கு?”

கடைசிக் கேள்வியை ரொம்ப அன்பாகக் கேட்டார்.

நான் எழுந்து வந்து அப்போதே எழுதிக் கொடுத்திருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. அந்தக் காபியைக் குடித்தேன். புதன்கிழமை முழுக்க வேலை பார்த்தேன், யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஒரு வழி யோசித்தேன். விசாரணையில் போய், ஆதாரம் போதவில்லை, சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம். வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். என் மூன்று கையெழுத்தும் தப்பும். ஆர்டரும் போகாது. நல்ல வழியாகத்தான் தெரிந்தது.

இந்த மாதிரி இரண்டு பக்கமும் நோகாத வழி ஒன்று உங்களுக்கும் தோன்றும். தோன்றினால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். ஆதாரம் போதவில்லை என்று நான் சொன்னால் என்ன ஆகும்? தேவா திரும்பி வருவான். கேன்டீனில் எல்லோருக்கும் அவன் மாட்டாமல் தப்பித்தவன். கான்ட்ராக்டரோடு டீ குடித்தவன். நான் கொடுக்கிற அந்தப் பலனை அவன் சாகிற வரைக்கும் சுமக்க வேண்டும். அழுக்கு வேறு எங்கிருந்து வந்தது என்று சொல்லாதவரை அவன்மேல் இருப்பது போகாது. அந்த இடத்தைக் காட்டினால் அது என் மேஜை.

வியாழக்கிழமை நடந்ததை அப்படியே எழுதினேன். மூன்று சான்றிதழையும் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். பவுடர் வாங்குகிற கம்பெனிக்கு ஒரு பிரதியை நானே அனுப்பினேன். மருமகனிடம் கொடுத்திருந்தால் அது அவர் மேஜையிலேயே தூங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் ஆறு பேர். தேவா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தான், கோயிலுக்குப் போகிற மாதிரி. யூனியன்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை முதலில் பேசச் சொன்னார்கள். என் காகிதத்தைப் படித்தேன். சாம்பிளைக் கழுவச் சொன்னது நான். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறாததும் நான். அவன் எதையும் மாற்றவில்லை, நான் சொன்னதைச் செய்தான். அவன்மேல் நான் கொடுத்த கடிதம் தவறு. என் குரல் நடுங்கவில்லை. இரண்டு முறை பழகிவிட்டுப் போயிருந்தேன்.

மருமகன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். விசாரணை அதிகாரி தேவாவிடம், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். “மேடம் சொன்னது கரெக்ட் சார்” என்றான். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவில்லை.

அவனை வேலையில் திரும்ப எடுத்தார்கள். டிரம்களை அழித்தார்கள். ஆர்டர் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். கொஞ்ச காலம் கழித்துத் தோலுக்குத் தனியாகக் கழுவுகிற தொட்டி, மூடி போட்ட ஸ்டீல் தொட்டி எல்லாம் வைத்து அந்த வேலையைத் திரும்பத் தொடங்கினார்கள். யார்டுப் போர்டையும் மாற்றினார்கள். இப்போது வருகிற பவுடர் நல்ல பவுடர்தான். நான் சாப்பிடுவதில்லை. அது என் குணம், பவுடரின் குற்றம் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது, யாரையும் சந்தேகப்படாதீர்கள் என்று இல்லை. சந்தேகப்படுங்கள். தோலையும் சந்தேகப்படுங்கள், தோலைப் புகழ்கிறவனையும் சந்தேகப்படுங்கள். ஆனால் மனிதனிடம் போவதற்குமுன் குழாயடிக்குப் போங்கள். பொருள் உங்கள் மேஜைக்கு வருகிற வழி முழுக்க ஒருநாள் நடந்து பாருங்கள். பத்து அடிதான் இருக்கும். நான் பதினாறு வருஷம் நடக்கவில்லை.

திங்கட்கிழமை தேவா வேலைக்கு வந்தான். அவன் லேபுக்குள் வரவில்லை, நான்தான் வெளியே போனேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, பழக்கமில்லை. மருந்து நாற்றம் அடித்ததே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் கேள்விதான் கேட்டேன்.



“நாத்தம் அடிச்சுது மேடம். அதான் ரெண்டு தபா எக்ஸ்ட்ராவாத் தேச்சேன். உங்க மிஷினு கெட்டுடும், நீங்க கத்துவீங்கன்னு. யாருக்காகப் பண்ணினன்னு கேட்டீங்களே, அன்னிக்கு அந்தப் பொண்ணுங்க முன்னாடி. உங்களுக்காகத்தான். அத எப்டி நான் என் வாயால சொல்றது?”

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். இடமாற்றல் விண்ணப்பம். குளிர்கிடங்குக்குக் கேட்டிருந்தான். அங்கே வேலை கஷ்டம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கிரேட் தூக்க வேண்டும், யாரும் கேட்டு வாங்குகிற இடம் இல்லை. நாற்பத்தேழு வயதில் அங்கே போகாதே, நான் இன்னும் கொஞ்ச மாதம்தான் இருப்பேன், அப்புறம் வேறு ஆள் வருவார் என்றேன்.

“பரவால்ல மேடம். உங்க கையில கொண்டாந்து குடுக்குற வேல எனுக்கு வாணாம்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

காகிதத்தை உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். பெயர், துறை, கேட்கிற இடம் எல்லாம் எழுதியிருந்தான். ‘காரணம்’ என்கிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். காலியாக இருந்தால் மாடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேனாவை எடுத்து நானே எழுதினேன்: ‘லேப் பொறுப்பாளர்மேல் நம்பிக்கை இல்லை.’ கீழே, பரிந்துரைக்கிறேன் என்று போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.